ஒன்பது பித்தளைக் கால்கள்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். உன் தீவுக்குப் படகு பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் போகும் என்றும், அவசரம் என்றால் மட்டும் வயர்லெஸ்ஸில் பேசலாம் என்றும் உன் வானிலை ஆபீசில் சொன்னார்கள். "என்னம்மா அவசரம்?" என்று கேட்டார் அங்கே உட்கார்ந்திருந்த குமாஸ்தா. "வீட்ல கம்ப்யூட்டர் அணைஞ்சு அணைஞ்சு போகுதுங்க" என்றேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு கவரை எடுத்து நீட்டினார். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் அண்ணன் பேசுவதற்காக நீ பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் மறந்துவிடுவேன். டிசம்பரில் உன் அண்ணன் அந்தப் பெரிய பொத்தானை விரலால் அழுத்திப் பழகினார். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மினுக்கிக்கொண்டு போகும், வேண்டிய எழுத்து வரும்போது அழுத்த வேண்டும். பத்து நாள் முயற்சிக்குப் பிறகு பெட்டி முதல்முதலாக வாய் திறந்து சொன்னது என்ன தெரியுமா? "சாப்பிட்டியா." வாதம் வந்து வாயும் ஒரு பக்கக் கையும் காலும் போன மனுஷன், நான்கு மாதம் கழித்து, என்னைப் பார்த்துக் கேட்கிறார் சாப்பிட்டியா என்று. நான் தையல் மெஷினில் தலையைக் கவிழ்த்து அழுதேன். உனக்குக் கோடி நன்றி தம்பி. அதை நேரில் சொல்லலாம் என்றால் நீ இருந்தால்தானே? பெட்டியை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், காலைப் படகில் போய்விட்டாய்.

ஜனவரி முழுக்க நன்றாக ஓடியது. தண்ணி, வலி, போதும் என்று ஒற்றைச் சொல்லாகத்தான் பேசுவார். சக்கர நாற்காலி வந்ததும் அறையை மாற்றிப் போட்டோம். அதற்கப்புறம்தான் அவருக்கு முழு வாக்கியம் பேசத் தைரியம் வந்தது, பெட்டிக்கு இந்தச் சீக்கும் வந்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம் ஓடும். பிறகு பட்டென்று அணைந்துவிடும். அடித்தது எல்லாம் போய்விடும். அவருக்கு ஒரு வாக்கியம் அடிக்க அரை மணி நேரம் ஆகிறது.

உனக்கு ஏதோ சொல்ல வேண்டும் அவருக்கு. நான்கு முறை ஆரம்பித்துவிட்டார். "வாலு, அன்னிக்கு நீ" என்று வரும், உடனே அணையும். உன்னை வாலு என்று கூப்பிட இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கும் முடியவில்லை.

நானே காகிதத்தில் எழுத்துகளை எழுதிக் காட்டிப் பார்த்தேன். என் அவசரம்தான் உனக்குத் தெரியுமே. அவர் இரண்டு எழுத்தைக் காட்டுவதற்குள் நான் வாக்கியத்தை முடித்துவிடுகிறேன். அவருக்குக் கோபம் வந்து கையை இழுத்துக்கொள்கிறார். பெட்டிக்குப் பொறுமை இருக்கிறது, எனக்குக் கிடையாது. சீக்கிரம் வழி சொல்லு.

குளியலறைத் தாழ்ப்பாள் இன்னும் உடைந்தபடியேதான் இருக்கிறது. தச்சரைக் கூப்பிடட்டுமா என்றால் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார். என்ன பிடிவாதமோ.

அண்ணி


மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. சொல்லாமல் வந்ததற்கு மன்னித்துவிடுங்கள். அதைப் பற்றி வேறு எதுவும் எழுத எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் முதலில் உங்களிடம் சாப்பிட்டியா என்று கேட்டதைப் பலமுறை படித்தேன். இங்கே காற்றளக்கிற கருவியைப் பார்க்கப் போகும்போதுகூடச் சட்டைப்பையில் அந்தத் தாள் இருக்கிறது.

பெட்டி விஷயம். தானாக அணைகிற கம்ப்யூட்டருக்குப் பொதுவாக மூன்று காரணம் இருக்கும். வெளியிலிருந்து மின்சாரம் சரியாக வராமல் போகலாம், உள்ளே சூடு ஏறலாம், இல்லையென்றால் உள்ளே ஏதாவது தகரத்தில் பட்டுக்கொண்டு ஷார்ட் ஆகலாம். ஒவ்வொன்றாகத்தான் கழித்துக்கொண்டு வர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும். உங்கள் அவசரத்தைப் பதினைந்து நாள் மட்டும் அலமாரியில் பூட்டி வையுங்கள்.

முதலில் பெட்டியின் ஒயரை அந்தச் சுவர் ப்ளக்கிலிருந்து பிடுங்கி, உங்கள் தையல் மெஷின் ஓடுகிற ப்ளக்கில் மாட்டிப் பாருங்கள். அப்புறம் பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஃபேன்கள் சுற்றுகின்றனவா, தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது உள்ளே கையை விடாதீர்கள். அணைகிற நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எத்தனை நிமிடம் ஓடியது என்று மட்டும் இருந்தால் போதும்.

அண்ணன் சொல்ல வந்ததை அவசரப்படுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லட்டும்.

தம்பி


மார்ச் 31

அன்புள்ள தம்பிக்கு,

அவசரத்தை அலமாரியில் பூட்டச் சொன்னாய், பூட்டினேன். சாவியைத் தொலைத்துவிடுவேனோ என்று உன் அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். நான் குதிக்கும்போதெல்லாம் கண்ணாலேயே அதட்டுகிறார்.

ப்ளக் மாற்றினேன். பிரயோஜனமில்லை. நோட்டுப் போட்டேன்: 12 நிமிடம், 31, 7, 19, 22, 9. கணக்கு டீச்சர் பார்த்தால் மயங்கி விழுவாள். மூடியைக் கழற்றினேன். இரண்டு ஃபேனும் சுற்றுகின்றன. என் துணியிலிருந்து பறக்கிற பஞ்சு எல்லாம் அங்கேதான் குடியிருந்தது, பிரஷ்ஷால் தட்டினேன். ஒரு ஃபேன் கொஞ்சம் கரகரத்தது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். திட்டாதே. இப்போது வெண்ணெயாகச் சுற்றுகிறது. ஆனால் பெட்டி அணைவது நிற்கவில்லை.

பொறுக்காமல் மெயின் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டிவந்தேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை அவர். "இதெல்லாம் வீட்ல சேத்துக் கட்டினதுங்க. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க" என்றார். உன் அண்ணன் முகம் எப்படிப் போனது என்கிறாய்! நல்ல கையால் நாற்காலியைத் தட்டு தட்டு என்று தட்டினார். கடைக்காரர் பயந்து, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். உன் கையால் செய்ததை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாதாம். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு நாள் முப்பத்தொரு நிமிடம் தாங்கியது. அப்போது இவ்வளவு வந்தது: "வாலு, அன்னிக்கு நீ கதவை". அவ்வளவுதான், இருட்டு. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கதவைப் பூட்டாமப் போயிட்டானா?" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எந்தக் கதவு தம்பி? உனக்கு ஏதாவது புரிகிறதா?

அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

புரிகிறது. எனக்கு மட்டும்தான் புரியும். இதை எழுதாமல் பெட்டியைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று மூன்று தாள் கிழித்தேன்.

அண்ணனுக்கு வாதம் வந்த அன்று காலை நீங்கள் கடைக்குத் துணி கொடுக்கப் போயிருந்தீர்கள். இந்தத் தீவு வேலைக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். "ரெண்டு வருஷம் நடுக்கடல்ல என்னடா பண்ணப் போறே? யாரைக் கேட்டுப் போட்டே?" என்றார். நான் கத்தினேன். "உன்னை எதுக்குக் கேக்கணும்? நீ என்ன எனக்கு அப்பாவா?" என்றேன். அப்பா போனதிலிருந்து அவர்தான் எனக்கு அப்பா, அது தெரிந்தேதான் சொன்னேன். வாசற்கதவை அறைந்து சாத்தினேன். சுவரில் இருந்த காலண்டர் விழுந்த சத்தம் தெருவரை கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து, என் பையை எடுக்கத் திரும்பி வந்தேன். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பேச்சு இல்லை. நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். பதினோரு நாள் உட்கார்ந்து அவருக்குப் பேச ஒரு பெட்டி கட்டினேன். கட்டி முடித்ததும், அவர் அதில் முதலில் என்ன சொல்வாரோ என்று பயந்து ஓடிவந்துவிட்டேன். நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்து நன்றி எழுதுகிறீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை அண்ணி.

"அன்னிக்கு நீ கதவை" என்றால் மீதி என்ன என்று எனக்குத் தெரியும். அந்த வாக்கியம் முடியாமலே இருந்துவிட்டால் தேவலை என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இதை முதலில் எழுதிவிட்டு, பெட்டிக்கு வழி சொல்கிறேன்.

ப்ளக் இல்லை என்று தெரிந்துவிட்டது. இனி சூடு. பெட்டியை உங்கள் வெட்டு மேசைக்குக் கொண்டுபோய், மூடியைக் கழற்றிய பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். திறந்தபடியே ஓடவிடுங்கள். அணையாமல் ஓடினால் சூடுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை நேரம் ஓடியது என்று எழுதுங்கள்.

எண்ணெய் விட்டதற்குத் திட்டவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

தம்பி


ஏப்ரல் 28

தம்பி,

படித்தேன். சண்டை நடந்தது எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். அன்றைக்குத் தைத்த பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டு கையையும் இடது பக்கமே வைத்துத் தைத்துவிட்டேன். அப்புறம் அதைப் பிரிக்க உட்கார்ந்தபோது யோசித்தேன். பிரஷர் மாத்திரையை ஆறு மாதமாகத் தொடாமல் டிராயருக்குள் ஒளித்து வைத்திருந்தது யார்? உன் அண்ணன்தானே? டாக்டர் என் எதிரில்தான் சொன்னார், "இது இன்னிக்கு வந்தது இல்லம்மா" என்று. நீ சத்தம் போட்டதால் வந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? சொல்ல வேண்டியவர் அந்த அறையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவர் பேசட்டும். அதுவரை நீயாக மீதியை எழுதிக்கொள்ளாதே. வாக்கியத்தை முந்திக்கொண்டு முடிக்கிற வேலை இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான்.

இப்போது பெட்டி. வெட்டு மேசையில் படுக்க வைத்து, திறந்தபடி ஓடவிட்டேன். ஓடியது பார்! மூன்று மணி பத்து நிமிடம். நானேதான் அணைத்தேன். சூடுதான் என்று குதித்துக்கொண்டு, மூடியைப் போடாமலே தூக்கிக்கொண்டு போய், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் அதன் இடத்தில் நிமிர்த்தி வைத்தேன். அந்தச் சந்தில் நிமிர்ந்துதான் நிற்கும், படுக்க இடமில்லை. சக்கர நாற்காலி திரும்ப வேண்டுமே. உன் அண்ணனும் ஆசையாக விரலை எடுத்து வைத்தார். ஒன்பதாவது நிமிடம் அணைந்துவிட்டது. மூடி திறந்துதான் இருந்தது, ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை.

அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

காரணம் கிடைத்துவிட்டது. சூடு இல்லை. பெட்டி படுத்தால் ஓடுகிறது, நிமிர்ந்தால் அணைகிறது. உங்கள் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். சக்கர நாற்காலி வந்ததும் அறையை மாற்றினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை பெட்டி மேசைமேல் படுத்திருந்தது. நான் அப்படித்தான் வைத்துவிட்டு வந்தேன். அதை இத்தனை நாள் கவனிக்காமல் உங்களை எண்ணெய் விடவைத்தேன்.

தப்பு என்னுடையது. எப்படி என்று சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

உள்ளே இருக்கிற பெரிய பச்சைப் பலகை தகரத்தில் படக் கூடாது. பட்டால் ஷார்ட் ஆகும். அதைத் தூக்கிப் பிடிக்கப் பித்தளையில் குட்டிக் குட்டிக் கால்கள் உண்டு. பலகையில் ஓட்டை ஆறு, அதனால் கால் ஆறு போதும். ஆனால் பொட்டலத்தில் ஒன்பது இருந்தது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துதான் பூட்டினேன். ஆறு மாட்டிய பிறகு கையில் மூன்று மிச்சம் இருந்தது. அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போன காலத்திலிருந்து நம் வீட்டில் ஒரு சட்டம் உண்டே! மிக்ஸியைப் பிரித்தாலும் சைக்கிளைப் பிரித்தாலும் பக்கத்தில் வந்து நின்று, "முடிச்சப்புறம் கையில ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தா, எங்கேயோ கோட்டை விட்டுட்டேன்னு அர்த்தம்" என்பார். அந்த மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏற்கெனவே அவரிடம் ஒரு தப்புச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், இதிலும் ஒன்றை மிச்சம் வைக்க மனம் வரவில்லை. தகரத்தில் காலி ஓட்டை எங்கே இருந்ததோ அங்கே மூன்றையும் மாட்டிவிட்டேன். இதே வேலையை இங்கே ஒரு பயிற்சிக்காரன் செய்தால் காதைத் திருகுவேன்.

படுத்திருக்கும்போது பலகை நேராக இருக்கிறது. நிமிர்த்தினால் பலகைமேல் மாட்டியிருக்கிற ஃபேனும் அதன் அடியில் சூட்டை இழுக்கிற அலுமினியக் கட்டையும் கனத்தில் கீழே இழுத்து, பலகை லேசாக வளைந்து, தேவையில்லாத கால் ஒன்றில் போய்ப் படுகிறது. உடனே பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. நல்ல பெட்டிதான் அண்ணி, என் புத்திதான் சரியில்லை.

செய்ய வேண்டியது: ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, அரை மணி சும்மா விடுங்கள். வேலைக்கு முன் பெட்டியின் தகரத்தைக் கையால் ஒரு முறை தொடுங்கள். ஒவ்வொரு ஒயரையும் கழற்றுவதற்கு முன்னால், ஒயரிலும் அது மாட்டியிருக்கிற இடத்திலும் ஒரே கலர் நூலைக் கட்டுங்கள். உங்களிடம் இல்லாத கலரா? ஆறு திருகாணியைக் கழற்றினால் பலகை கையோடு வரும். ஓட்டைக்கு நேரே இல்லாமல் நிற்கிற மூன்று கால்களையும் எடுத்துவிட்டு, பழையபடி பூட்டுங்கள். நீங்கள் செய்துவிடுவீர்கள். பட்டன் ஓட்டை போடுகிற கைக்கு இது பெரிய வேலை இல்லை.

இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் அந்த வாக்கியமும் முடிந்துவிடும். எதுவாக இருந்தாலும் மாற்றாமல், குறைக்காமல் எழுதுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி


மே 26

என் அருமைத் தம்பிக்கு,

பதினாலு கலர் நூல் செலவானது. பெட்டிக்குள் பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மூன்று கால்களையும் எடுத்தேன். அதில் ஒன்றின் தலை மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதற்கு நேர் மேலே, பலகையின் அடியில், கடுகளவு கறுப்பு. கண்ணால் பார்த்தேன்.

எல்லாவற்றையும் பூட்டி, சந்தில் நிமிர்த்தி வைத்து, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, நான் அறையில் நிற்கவில்லை. நின்றால் வாய் சும்மா இருக்காது. போய்த் தைத்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் போனது. இருபது போனது. முப்பத்தொன்றும் தாண்டியது. மெஷினை மிதிக்கவே பயமாக இருந்தது, கையால் ஊக்கு வைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்தாவது நிமிடம் உள்ளேயிருந்து பெட்டி பேசியது. மாற்றாமல், குறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்:

"வாலு, அன்னிக்கு நீ கதவை உடைச்சு உள்ள வந்ததாலதான் நான் இருக்கேன். நன்றி சொல்ல எனக்கு வாய் இல்லாத நேரம் பாத்து ஓடிட்டியேடா."

வாசற்கதவு இல்லை தம்பி, குளியலறைக் கதவு. உள்ளே விழுந்து கிடந்தவருக்கு நீ உதைத்த ஒவ்வொரு உதையும் கேட்டிருக்கிறது. நான் ஓடிப்போய், "அவன் சண்டை போட்டதால வந்துச்சுன்னு புழுங்கிட்டு இருக்கான்" என்றேன். இன்னொரு கால் மணி நேரம் ஆனது. "எந்தச் சண்டை?" என்றது பெட்டி. ஞாபகம் இல்லையா, ஞாபகம் இல்லாதது போல இருக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. நான் தோண்டிக் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

மூன்று பித்தளைக் கால்களையும் அவர் உள்ளங்கையில் வைத்து, உன் கடிதத்தில் அந்த இடத்தைப் படித்துக் காட்டினேன். சிரித்தார் தம்பி. வாய் ஒரு பக்கம்தான் போகிறது, ஆனால் தோள் குலுங்கச் சிரித்தார். போன ஆகஸ்டுக்கு அப்புறம் இன்றுதான். பிறகு பெட்டி சொன்னது: "இவனை லிஃப்ட் வேலைக்குச் சேத்துக்காதீங்க."

"தாழ்ப்பாளை இப்பவாவது சரி பண்ணலாமா?" என்று கேட்டேன். அதற்கும் பதில் வந்தது. "உடைச்சவன் வந்து மாட்டட்டும்."

இத்துடன் கால் ஒன்று வைத்திருக்கிறேன், தேய்ந்தது அதுதான். மற்ற இரண்டையும் அவர் தர மாட்டேன் என்கிறார்.

நீ கட்டிக் கொடுத்த பெட்டிக்கும், உடைத்த கதவுக்கும் சேர்த்து, உன் அண்ணி கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அண்ணி


ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணனுக்கு,

அடுத்த படகில் என் கடிதம் வராது. ஒரு மாத லீவில் நான் வருகிறேன்.

குளியலறைக் கதவின் கனம் எத்தனை விரல் என்று மட்டும் அளந்து வையுங்கள். துறைமுகத்தில் இறங்கியதும் தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு வருகிறேன். ஸ்க்ரூ எத்தனை மிச்சம் இருந்தாலும் அண்ணன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

வாலு